வேலை நேரம், மனநலம், அரசு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரவு பத்தே முக்கால். தலையணைக்குப் பக்கத்தில் போன் ஒளிர்கிறது. "அவசரமில்லை, நாளைக்குக் காலையில பார்த்தா போதும்." காலையில் பார்த்தால் போதும் என்றால் காலையிலேயே அனுப்பியிருக்கலாமே என்று நினைக்கும்போதே தூக்கம் போய்விடுகிறது.

பல வருடம் ஓர் அலுவலகத்தில் விடுப்புக் கணக்கும் சம்பளப் பட்டியலும் பார்த்தவன் நான். மருத்துவனும் இல்லை, வக்கீலும் இல்லை. ஆனால் இப்படித் தூக்கம் போனவர்கள் என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் கேட்டவையும், பிறகு மற்றவர்கள் கேட்டவையும்தான் கீழே இருக்கின்றன. சட்டங்கள் மாறும், நாட்டுக்கு நாடு வேறுபடும். அதனால் உங்கள் விஷயத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போதே தாங்க முடியவில்லை. முதலில் என்ன செய்வது?

மற்றக் கேள்விகளை அப்புறம் படிக்கலாம். மனநல உதவி எண்கள் இவை: இந்தியாவில் 14416, அரசின் டெலி மானஸ் சேவை. இலங்கையில் 1926. மலேசியாவில் 15555. சிங்கப்பூரில் 1771. அமெரிக்காவில் 988. உயிருக்கு ஆபத்து என்ற நிலை இருந்தால் உங்கள் ஊரின் அவசர எண்ணையே கூப்பிடுங்கள். கூடவே, வீட்டில் அல்லது பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் "என்னைத் தனியா விடாதீங்க" என்று மட்டும் சொல்லுங்கள். விளக்கமெல்லாம் தேவையில்லை.

மன அழுத்தம் அவரவர் சொந்த விஷயம்தானே? இதில் அரசு ஏன் தலையிட வேண்டும்?

ஆலையில் சுழலும் சக்கரத்துக்குத் தடுப்பு வேலி போடச் சொன்னது அரசுதான். "ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது தொழிலாளியின் சொந்த விஷயம்" என்று அப்போதும் சொன்னார்கள். கை போன பிறகு வைத்தியச் செலவு யார் தலையில் விழுகிறது என்று கணக்குப் பார்த்த பிறகுதான் வேலி வந்தது.

நேரத்துக்கும் அதே கணக்குத்தான். உலக சுகாதார அமைப்பும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம். இதயநோயால் சாகும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். 2016-ஆம் ஆண்டில் மட்டும் நீண்ட வேலை நேரத்தோடு தொடர்புடைய இந்த இரண்டு நோய்களால் 7,45,000 பேர் இறந்ததாக அவர்கள் மதிப்பிட்டார்கள். இது உடம்பின் கணக்கு. மனத்தின் கணக்கு தனி: மனச்சோர்வாலும் பதற்றக் கோளாறாலும் உலகம் ஆண்டுதோறும் 1,200 கோடி வேலை நாட்களை இழக்கிறது, பணமாகச் சொன்னால் சுமார் ஒரு லட்சம் கோடி டாலர்.

கூடுதல் மணி நேரத்தின் லாபம் ஒருவர் பைக்குப் போகிறது. அதன் செலவு ஆஸ்பத்திரிக்கும், வீட்டுக்கும், வரிப்பணத்துக்கும் போகிறது. அரசு நுழைய இந்த ஒரு காரணம் போதும்.

அரசு ஆதரவு என்றால் உதவி எண்ணும் ஆலோசனையும்தானா?

பெரும்பாலான அரசுகள் முதலில் செய்வது அதுதான். செலவு குறைவு, திறப்பு விழா வைக்கலாம், கண்ணுக்குத் தெரியும். டெலி மானஸ் 2022 அக்டோபர் 10-ஆம் தேதி, உலக மனநல நாளன்று தொடங்கியது. கூப்பிட்டால் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும், தமிழும் உண்டு. பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார்கள். பணம் கிடையாது.

இங்கிலாந்தில் 2008-இல் தொடங்கிய பேச்சு சிகிச்சைத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன விஷயம். குடும்ப டாக்டரின் சீட்டு இல்லாமல் நீங்களே பதிவு செய்துகொள்ளலாம். பலருக்கு அந்தச் சீட்டைக் கேட்க வாய் திறப்பதுதான் மலை. அந்த ஒரு படியை எடுத்துவிட்டார்கள்.

இருந்தாலும் என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். உதவி எண் என்பது கூரை ஒழுகும்போது கீழே வைக்கிற பாத்திரம். பாத்திரம் கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் வீடு நனையும். ஆனால் கூரையில் ஓடு மாற்றுகிற வேலை வேலைநேரச் சட்டத்திடம்தான் இருக்கிறது. அதனால்தான் இங்கே ஆலோசனையைவிட மணி நேரத்தைப் பற்றி அதிகம் பேசுகிறேன்.

'பர்ன் அவுட்' ஒரு நோயா? அதற்குச் சான்றிதழ் வாங்கலாமா?

உலக சுகாதார அமைப்பின் பதினோராவது நோய் வகைப்பாடு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் இது இருக்கிறது, ஆனால் நோய் என்ற பெயரில் இல்லை. 'வேலை சார்ந்த நிகழ்வு' என்று எழுதியிருக்கிறார்கள். சக்தியெல்லாம் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி வெறுப்போ அலட்சியமோ வருவது, செய்கிற வேலையில் திறன் குறைந்துவிட்டதாக உணர்வது என மூன்று அடையாளங்கள். காரணமாக அவர்கள் சொல்வது, சரியாகக் கையாளப்படாத நீடித்த வேலையிட அழுத்தம்.

நடைமுறையில், சான்றிதழில் இந்தப் பெயர் செல்லுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். டாக்டர் பெரும்பாலும் தூக்கமின்மை, மனச்சோர்வு, பதற்றம் என்று தான் பார்த்ததைத்தான் எழுதுவார். அதுவே சரி. "பர்ன் அவுட்னு எழுதிக் குடுங்க" என்று கேட்க வேண்டாம். என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள், பெயர் வைப்பது அவர் வேலை.

வேலை முடிந்த பிறகு வரும் அழைப்பை எடுக்காமலிருக்க உரிமை உண்டா?

சில நாடுகளில் உண்டு. எல்லாமே 'துண்டித்துக்கொள்ளும் உரிமை' என்ற ஒரே பெயரில் வந்தாலும், உள்ளே போய்ப் பார்த்தால் மூன்று வெவ்வேறு சரக்குகள்.

பிரான்ஸ் 2017 ஜனவரி முதல் தேதியிலிருந்து இதை நடைமுறைப்படுத்தியது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தொழிலாளர் தரப்போடு இதைப் பற்றிப் பேச வேண்டும். பேசி முடிவு வராவிட்டால் நிறுவனமே ஒரு நெறிமுறை எழுதி வைக்க வேண்டும். அதாவது பேசச் சொல்கிறது. இத்தனை மணிக்கு மேல் அனுப்பாதே என்று சட்டம் நேரடியாகச் சொல்லவில்லை. கனடாவின் ஒண்டாரியோவும் ஏறக்குறைய இந்த வழிதான். 25 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் எழுத்தில் ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும்.

ஆஸ்திரேலியா 2024 ஆகஸ்ட் 26 முதல் உரிமையைத் தொழிலாளியின் கையில் கொடுத்தது. சிறு நிறுவனங்களுக்கு ஒரு வருடம் கழித்து வந்தது. வேலை நேரத்துக்கு வெளியே வரும் செய்தியைப் பார்க்காமலும், படிக்காமலும், பதில் சொல்லாமலும் இருக்கலாம், மறுப்பது நியாயமற்றதாக இல்லாதவரை. நியாயமா இல்லையா என்று எப்படி முடிவு செய்வது? எதற்காகக் கூப்பிட்டார்கள், எவ்வளவு தொந்தரவு, அதற்குத் தனியாகச் சம்பளம் தருகிறார்களா, உங்கள் பதவி என்ன, வீட்டில் நீங்கள் கவனித்துக்கொள்ள வேண்டியவர் யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். சண்டை முற்றினால் நியாய வேலை ஆணையம் தீர்க்கும்.

போர்ச்சுகல் 2021 இறுதியில் நிறைவேற்றிய சட்டம் தலைகீழாக யோசித்தது. ஓய்வு நேரத்தில் தொழிலாளியைத் தொடர்புகொள்ளாமலிருப்பது முதலாளியின் கடமை. தவிர்க்க முடியாத பெரும் இடர் வந்தால் மட்டும் விலக்கு. மீறினால் கடுமையான நிர்வாகக் குற்றம், அபராதம்.

என்னைக் கேட்டால் மூன்றாவதுதான் மனித சுபாவம் தெரிந்தவர்கள் எழுதியது. மேலதிகாரியின் செய்தியைப் பார்த்துவிட்டு, "எனக்கு உரிமை இருக்கிறது, பதில் போட மாட்டேன்" என்று நிம்மதியாகத் தூங்குகிறவர் எத்தனை பேர்? பார்த்தபோதே கெட்டுவிட்டதே. மறுக்கும் தைரியத்தைப் பலவீனமானவரிடம் எதிர்பார்ப்பதைவிட, அனுப்புகிறவர் விரலைக் கட்டுவது சுலபம்.

இந்தியாவில் இந்த உரிமை, உறுப்பினர் ஒருவர் தனியாகக் கொண்டுவரும் தனிநபர் மசோதாவாக மக்களவைக்கு வந்ததுண்டு; சட்டமாகவில்லை.

வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்ற வரம்பு உண்மையிலேயே இருக்கிறதா?

நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1919-இல் பிறந்ததும் செய்த முதல் உடன்படிக்கையே தொழிற்சாலைகளில் நாளைக்கு 8, வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதுதான். இந்தியாவில் 2025 நவம்பர் வரை நடப்பிலிருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலும் 48 இருந்தது. அதற்கு மேல் போனால் இரட்டிப்புக் கூலி. மலேசியா 2023-இல் 48-ஐ 45 ஆக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மிகைநேரத்தையும் சேர்த்துச் சராசரி 48. ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த நாள் வேலை தொடங்கும் முன் தொடர்ச்சியாக 11 மணி நேரம் ஓய்வு. இந்த 11-ஐப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. மனநலம் என்று பார்த்தால் 48-ஐவிட முக்கியமானது இதுதான், ஏனென்றால் தூக்கம் ஒளிந்திருப்பது இதற்குள்தான்.

இங்கிலாந்தில் 48 வேண்டாமென்று தொழிலாளியே எழுதிக் கொடுக்கலாம். அந்தத் தாள் வேலையில் சேரும் நாளன்று கொடுக்கும் கட்டுக்குள் பதினோராவது பக்கமாக இருந்தால் யார் படிக்கப்போகிறார்கள்?

ஜப்பானின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அளவுக்கு மீறி உழைத்துச் சாவதற்கு 'கரோஷி' என்று தனிச் சொல்லே வைத்திருக்கும் நாடு. 2014-இல் அதைத் தடுக்க ஒரு சட்டம் வந்தது. ஆனால் மிகைநேரத்துக்குத் தண்டனையோடு கூடிய உச்சவரம்பு, 2018-இல் நிறைவேறி 2019 ஏப்ரலில் பெரிய நிறுவனங்களில் தொடங்கிய சட்டத்தில்தான் வந்தது. பொதுவாக மாதம் 45 மணி, வருடம் 360 மணி. 'விசேஷ சூழ்நிலை' என்றால் வருடம் 720 வரை, ஒரு மாதத்தில் 100-க்குக் கீழ். விசேஷ சூழ்நிலை என்ற அந்தக் கதவு வழியாக எவ்வளவு போகும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். லாரி ஓட்டுநர்களுக்கும் மருத்துவர்களுக்கும் வரம்பு 2024 ஏப்ரலில்தான் வந்தது. அதுவும் ஓட்டுநருக்கு வருடம் 960.

வரம்பைத் தளர்த்தும் முயற்சிகளும் ஓயாமல் நடக்கின்றன. தென்கொரியா 2018-இல் 52 மணி நேர வாரத்துக்கு வந்தது. 2023-இல் அதை 69 வரை நீட்டலாம் என்று அரசு சொன்னது. இளைஞர்கள் கொதித்தார்கள், அரசு பின்வாங்கியது. அதே வருடம் ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தார்.

சட்டம் இருந்தும் ஏன் யாரும் மதிப்பதில்லை?

மணி நேரத்தை யாரும் எழுதி வைப்பதில்லை. விஷயம் அவ்வளவுதான்.

நான் வேலை பார்த்த இடத்தில் வருகைப் பதிவேடு இருந்தது. காலையில் கையெழுத்து, மாலையில் கையெழுத்து. மாலைக் கட்டத்தில் எல்லோரும் 6.00 என்று எழுதுவார்கள். ஆறு மணிக்கு அந்தப் பேனாவைத் தொட்டவர்கள் கால்வாசிப் பேர்கூட இருக்க மாட்டார்கள். ஒன்பதரைக்குப் போகிறவரும் 6.00 என்று எழுதிவிட்டுப் போவார். சிலர் காலையிலேயே இரண்டு கட்டத்தையும் நிரப்பிவிடுவார்கள். வருடக் கடைசியில் ஆய்வுக்கு வந்தவர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு "நல்ல ஒழுங்கு" என்று பாராட்டினார். அதை எடுத்துக் கொடுத்தவனே நான்தான்.

ஐரோப்பிய நீதிமன்றம் 2019 மே மாதம் சொன்ன தீர்ப்பு இங்கேதான் கை வைத்தது. ஸ்பெயினில் தொழிற்சங்கம் ஒன்று ஒரு வங்கிமீது போட்ட வழக்கு அது. தினசரி வேலை நேரத்தை அளக்கும் நம்பகமான முறை இல்லாவிட்டால் 48 மணி நேர வரம்பும் 11 மணி நேர ஓய்வும் வெறும் எழுத்துத்தான். ஆகவே அந்த முறையை வைக்க முதலாளிகளைக் கட்டாயப்படுத்துங்கள் என்று அரசுகளுக்குச் சொன்னது. ஸ்பெயின் அரசு, அந்தத் தீர்ப்பு வரும் முன்பே, அதே மாதம், பதிவைக் கட்டாயமாக்கிவிட்டது.

ஓர் அரசு மனநலத்துக்கு உண்மையிலேயே ஏதாவது செய்கிறதா என்று தெரிய நான் முதலில் பார்ப்பது உதவி எண்ணை அல்ல. வேலை முடித்த நேரத்தை யார் எழுதுகிறார்கள், யார் சரிபார்க்கிறார்கள் என்றுதான் பார்ப்பேன்.

விடுப்பு கேட்கும்போது மனநலக் காரணம் என்று சொல்ல வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். ஜெர்மனியில் முதலாளிக்குப் போகும் சான்றில் நோயின் பெயர் இருக்காது. எத்தனை நாள் வேலை செய்ய முடியாது என்று மட்டும் இருக்கும். நெதர்லாந்தில் என்ன நோய் என்று முதலாளி கேட்கவே கூடாது, அது நிறுவன மருத்துவருக்கும் உங்களுக்கும் நடுவில். இங்கிலாந்தில் முதல் ஏழு நாட்களுக்கு டாக்டர் சான்றே தேவையில்லை, நீங்களே எழுதிக் கொடுத்தால் போதும்.

ஒரு பையன், இருபத்தாறு வயசு இருக்கும், விடுப்புக் கடிதம் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தான். மூன்று மாதமாகத் தூங்காதது, குளியலறையில் நின்று அழுதது, அம்மாவிடம் சொல்ல முடியாதது எல்லாம். உண்மையான கடிதம். ஆனால் மேலதிகாரி அதை அப்படியே நான்கு பேருக்கு நகல் போட்டு எனக்கு அனுப்பினார், கெட்ட எண்ணத்தோடு அல்ல, வழக்கம் அப்படி. மறுநாள் காபி மெஷின் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவன் விடுப்பிலிருந்து திரும்பவே இல்லை, ராஜினாமாதான் வந்தது.

அதன்பிறகு கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் எழுதிக் கொடுத்தது மூன்றே வரி: "உடல்நலக் காரணத்தால் 6-ஆம் தேதி முதல் 17-ஆம் தேதி வரை மருத்துவ விடுப்பு வேண்டுகிறேன். மருத்துவச் சான்று இணைத்துள்ளேன். என் பொறுப்பில் உள்ள இரண்டு கோப்புகளின் நிலவரத்தைத் தனிக் குறிப்பில் எழுதி ஒப்படைத்துவிட்டேன்." மனமும் உடம்பில்தான் இருக்கிறது, இதில் பொய் ஒன்றும் இல்லை. சலுகை ஏதாவது தேவைப்பட்டால், இரவு ஷிப்ட் மாற்றுவது மாதிரி, அப்போது அதற்குத் தேவையான அளவு மட்டும் சொல்லுங்கள், முடிந்தால் ஒரே ஒருவரிடம், எழுத்தில்.

இந்தியாவில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் வரம்புக்குள் இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரண நோய்க்கால உதவி வருடத்தில் 91 நாள், கூலியில் 70 சதவீதம். அதற்கு மேல், நீண்டகால நோய்களுக்கென ஒரு பட்டியல் உண்டு. அதில் சில தீவிர மனநோய்களும் இருக்கின்றன. அவற்றுக்கு 80 சதவீதம், கூடுதல் காலத்துக்கு. டாக்டரோ கிளை அலுவலகமோ தானாக எடுத்துச் சொல்லும் என்று காத்திருக்காமல் கேளுங்கள்.

விடுப்பு முடிந்து திரும்புவதுதான் பயமாக இருக்கிறது. அதற்கு ஏதாவது ஏற்பாடு உண்டா?

திங்கட்கிழமை காலை அதே நாற்காலி, அதே 340 படிக்காத மின்னஞ்சல். பலர் இரண்டாவது முறை விழுவது இங்கேதான்.

நெதர்லாந்தில் நோயாளித் தொழிலாளிக்கு இரண்டு வருடம் வரை குறைந்தது 70 சதவீதச் சம்பளத்தை முதலாளியே தர வேண்டும். அதனால் ஆளைச் சரியாகத் திரும்பக் கொண்டுவருவதில் அவருக்கே ஆர்வம் வந்துவிடுகிறது! ஆறாவது வாரத்துக்குள் நிறுவன மருத்துவரின் அறிக்கை, எட்டாவது வாரத்துக்குள் இரு தரப்பும் கையெழுத்திட்ட திட்டம், பிறகு ஆறு வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பேச்சு. தொழிலாளியும் ஒத்துழைக்க வேண்டும், சும்மா இருக்க முடியாது. ஜெர்மனியில் பன்னிரண்டு மாதத்தில் ஆறு வாரத்துக்கு மேல் நோய்விடுப்பு எடுத்தால், திரும்பி வருவதற்கான பேச்சுக்கு முதலாளி அழைக்க வேண்டும். ஏற்பதா வேண்டாமா என்பது தொழிலாளியின் விருப்பம். தினம் இரண்டு மணி, பிறகு நான்கு மணி என்று படிப்படியாக ஏறும் முறையும் அங்கே பழக்கத்தில் இருக்கிறது.

உங்கள் நாட்டில் சட்டம் இல்லாவிட்டாலும் இந்த யோசனையைக் கடன் வாங்கலாம். "முதல் இரண்டு வாரம் அரைநாள்" என்று கேட்பதற்கு எந்தச் சட்டமும் தடை இல்லை.

மனநோய் இருக்கிறது என்று தெரிந்தால் வேலையைவிட்டு எடுத்துவிடுவார்களா?

எடுப்பவர்கள் உண்டு, எடுக்கக் கூடாது என்ற சட்டங்களும் உண்டு. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம், நீண்டகாலம் அன்றாட வாழ்வைப் பாதிக்கும் மனநோயை இயலாமையாகக் கருதி, வேலையிடத்தில் நியாயமான மாற்றங்கள் செய்துதரச் சொல்கிறது. அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் இதே வழி. இந்தியாவின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோய் உண்டு. அரசு வேலையில் இருக்கும்போது இயலாமை வந்தால் நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது என்கிறது. சிங்கப்பூர் 2025-இல் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம் மனநல நிலையையும் பாகுபாடு காட்டக் கூடாத பட்டியலில் சேர்த்திருக்கிறது.

காப்பீடு மனநல சிகிச்சைக்குப் பணம் தருமா?

இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்க்குத் தருவதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. அமெரிக்காவின் 2008 சட்டம், மனநலப் பலன்களைத் தரும் திட்டங்கள் அவற்றுக்கு மட்டும் தனியாகக் கடுமையான வரம்பு வைக்கக் கூடாது என்கிறது. ஆனால் ஒரு பொடி எழுத்து: ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் என்றிருக்கும் பாலிசியில், வாராவாரம் போய்ப் பேசிவிட்டு வரும் சிகிச்சைக்கு ஒன்றும் கிடைக்காது. பாலிசியில் 'வெளிநோயாளி' என்ற சொல் எங்கே வருகிறது என்று தேடிப் பாருங்கள்.

குழந்தை, வயதான பெற்றோர் என்று வீட்டிலும் ஒரு வேலை இருக்கிறதே?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 நெறிமுறை தந்தைக்குக் குறைந்தது 10 வேலைநாள் விடுப்பும், நோயுற்ற உறவினரைக் கவனிக்க வருடம் 5 நாளும் தரச் சொல்கிறது. ஸ்வீடனில் ஒரு குழந்தைக்குப் பெற்றோர் இருவருக்கும் சேர்த்து 480 நாள். அதில் 90 நாள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒதுக்கப்பட்டது, மற்றவருக்கு மாற்றித் தர முடியாது. அப்பாக்களை வீட்டுக்கு வரவைத்தது அந்த ஒதுக்கீடுதான். மலேசியாவில் தாய்க்கு 98 நாள், தந்தைக்கு 7 நாள். இந்தியாவில் 2017 முதல் தாய்க்கு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு, 26 வாரம்.

எண்ணை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். பணத்தை யார் தருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஸ்வீடனில் சமூகக் காப்பீடு தருகிறது. இந்தியாவில் இ.எஸ்.ஐ.க்கு வெளியே இருப்பவர்களுக்கு முழுச் சம்பளத்தையும் முதலாளியே தர வேண்டும். விளைவு, நேர்முகத் தேர்வில் இளம்பெண் உட்கார்ந்ததும் எதிரே இருப்பவர் மனத்துக்குள் 26-ஐப் பெருக்க ஆரம்பிக்கிறார். அந்த மேசையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். நல்ல சட்டம்தான், செலவைத் தப்பான தோளில் வைத்துவிட்டார்கள்.

வாரம் நான்கு நாள் வேலை சாத்தியமா?

எந்த நான்கு நாள் என்று கேளுங்கள். ஐஸ்லாந்தில் ரெய்க்யாவிக் நகராட்சியும் நாட்டின் அரசும் 2015 முதல் 2019 வரை சுமார் 2,500 பேரை வைத்து வாரத்தை 40-இலிருந்து 35, 36 மணிக்குக் குறைத்துப் பார்த்தன, சம்பளத்தைக் குறைக்காமல். வேலை பெரிதாகக் கெடவில்லை. பெல்ஜியம் 2022-இல் கொடுத்தது வேறு: அதே மணி நேரத்தை நான்கு நாளுக்குள் அடைத்துக்கொள்ளலாம். முதலாவது ஓய்வு. இரண்டாவது மடித்து வைத்த துணி, அளவு அதேதான்.

டெலிவரி வேலை செய்கிறேன். எனக்கு இதெல்லாம் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தாது என்பதுதான் கசப்பான பதில். மேலே சொன்ன சட்டங்கள் 'ஊழியர்' என்ற சொல்லின்மேல் நிற்கின்றன. உங்களைக் 'கூட்டாளி' என்று கூப்பிட்டவுடன் அது கழன்றுகொள்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இதற்கென ஒரு நெறிமுறை நிறைவேற்றியது. கட்டுப்பாடு செலுத்தும் செயலியின் கீழ் வேலை செய்கிறவரை, அப்படியில்லை என்று நிரூபிக்கும்வரை, ஊழியர் என்றே கொள்ள வேண்டும். வேலை செய்பவரின் உணர்ச்சி நிலை பற்றிய தரவுகளைச் செயலி அலசக் கூடாது என்றும் அதில் உண்டு. நாடுகள் இதைத் தங்கள் சட்டமாக்க 2026 டிசம்பர் வரை அவகாசம்.

எங்கள் அலுவலகத்தில் யோகா வகுப்பு வைத்திருக்கிறார்கள். அது போதாதா?

யோகாவில் தப்பில்லை. ஓர் அலுவலகத்தில் 'மனம் அமைதி பெற' என்ற வகுப்பை மாலை ஆறரைக்கு வைத்தார்கள், வருகை கட்டாயம். ஐந்தரைக்கு வீட்டுக்குக் கிளம்ப வேண்டியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பஸ் நேரத்தை நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

உலக சுகாதார அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தனிமனிதப் பயிற்சிகளோடு நிற்காமல், வேலைப் பளுவையும் வேலைமுறையையும் மாற்றுவதையும், மேலாளர்களுக்குப் பயிற்சி தருவதையும் சொல்கிறது. ஜப்பான் 2015 டிசம்பரிலிருந்து 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் வருடம் ஒருமுறை மன அழுத்தச் சோதனை நடத்தச் சொல்கிறது. பரவலாகப் பயன்படும் தாளில் 57 கேள்விகள்; நேரத்துக்குள் முடிக்க முடியாத அளவு வேலை இருக்கிறதா, வேலையின் வேகத்தை நீங்களே தீர்மானிக்க முடிகிறதா என்ற மாதிரி. முடிவு நேராக உங்களுக்கு வரும், உங்கள் சம்மதம் இல்லாமல் முதலாளிக்குப் போகாது. எந்தப் பிரிவில் அழுத்தம் அதிகம் என்ற தொகுப்பு மட்டும் அவருக்குப் போகலாம். யோகா வகுப்பைவிட இது பயனுள்ளது, ஏனென்றால் மூன்றாவது மாடியில் இருக்கும் எல்லோருக்கும் தூக்கமில்லை என்றால் கோளாறு மூன்றாவது மாடியில்தான்.

புகார் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். எதைத் தயாராக வைத்திருக்க வேண்டும்?

தொழிலாளர் துறைக்கோ தொழிற்சங்கத்துக்கோ போனால் முதல் கேள்வி "எத்தனை மணி நேரம்?" என்பதுதான். "ரொம்ப நேரம் சார்" என்றால் பேனாவை மூடிவிடுவார்கள்.

ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். அலுவலகக் கணினி வேண்டாம், வேலையைவிட்டுப் போகும் நாளில் அது உங்களுடையது இல்லை. தினமும் படுக்கும் முன் இரண்டு வரி. மனக்குறையெல்லாம் எழுத வேண்டாம், நேரம் மட்டும். அலுவலக ஆவணங்களை வெளியே எடுக்காதீர்கள். உங்கள் போனுக்கு வந்த செய்திகளின் நேரம் போதும். தனியாகப் போகாமல், அதே நேரத்துக்கு வீடு திரும்பும் இன்னொருவரின் நோட்டும் கூட இருந்தால் நல்லது. ஆறு வாரம் எழுதிய பிறகு ஒருவர் என்னிடம் காட்டிய பக்கம் இப்படி இருந்தது:

செவ்வாய். உள்ளே 9.10. வெளியே 9.35 இரவு. சாப்பாடு 15 நிமிஷம்.
புதன். உள்ளே 8.55. வெளியே 10.20. இரவு 11.40-க்கு போன், 25 நிமிஷம்.
வியாழன். உள்ளே 9.00. வெளியே 9.50. பதிவேட்டில் 6.00 என்று எழுதினேன்.